நகரும் பூமிக்கு ஒரு சாட்சி

என்னைப் பெண் பார்க்க வந்தவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது வெல்லம் காயும் கொப்பரையைத்தான்.

தை மாதம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூர் அணையில் தண்ணீர் நிற்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருக்கும். யுத்தம் இன்னும் எங்கள் ஊர்ப் பேச்சுக்குள் வரவில்லை. ஆலை ஓடுகிற நாளில் பெண் பார்க்க வருவார்களா என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் பையன் வீட்டார் சோசியரைக் கேட்டுக் குறித்த நாள், மாற்ற முடியாது. அடுப்பையும் அணைக்க முடியாது, பிழிந்த சாறு புளித்துப்போகும். கடைசியில் அப்பா, வருகிறவர்கள் தோட்டத்துக்கே வரட்டும், ஆலைக் கொட்டகையில் பாய் விரித்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அப்படித்தான் அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்புப் புகைக்கும், சக்கை வாசத்துக்கும் நடுவில், இஞ்சியும் எலுமிச்சையும் பிழிந்த கரும்புச் சாற்றை லோட்டாக்களில் ஏந்திக்கொண்டு நான் வந்து நின்றேன். பாயில் அவருடைய அப்பா இருந்தார், அம்மா இருந்தார், சித்தப்பா இருந்தார். அவரைக் காணோம்.

கொப்பரைப் பக்கம் குனிந்து நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. துண்டால் துடைப்பார், மறுபடி குனிவார், மறுபடி மூடிக்கொள்ளும். அவருடைய அம்மா இரண்டு முறை இருமிக் காட்டினார். மூன்றாம் முறை பெயர் சொல்லியே கூப்பிட்டுவிட்டார். அவர் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இதா, இதா பாருங்க! நடுவுல சூடு ஏறிச் சாறு மேல வருதுங்களா? வந்து ரெண்டு பக்கமாப் பிரியுது. ஓரத்துக்குப் போயி, ஆறி, கீழ எறங்குது. மறுக்கா நடுவுக்கு வருது. மேல மெதக்கற அழுக்கு ஏடு அது போற பக்கமே போவுது. ஒண்ணா இருந்தது ரெண்டாப் பிஞ்சு போவுது பாருங்க. நாம நிக்கற இந்த நெலமும் இப்படித்தானுங்க நகருது!"

ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். மாடுகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

"இந்தத் தோட்டமுங்களா?" என்று அப்பா மரியாதையாகக் கேட்டார்.

"ஆமாங்க. இதுவுந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோட்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக் கணகணவென்று சத்தம் போட்டன. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை எழுத இந்த வயசில் என்ன வெட்கம்? அதற்கு முன் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், தென்னையை எண்ணினார்கள், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். கொதிக்கிற சாற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆளை நான் அன்றுதான் கண்டேன்.

பெயர் எழுத மாட்டேன்

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்கள் கணவரின் பெயரை எழுதக்கூடாதா என்று. கூடாது. எங்கள் பக்கத்தில் பெண்டுகள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில்கூடப் பின்னால் நிற்கிறவரைச் சொல்லச் சொல்லித்தான் நான் பதிந்திருக்கிறேன். அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது, இனி சொன்னால் என்ன என்று என் பேத்தி கேட்கிறாள். அவளுக்குப் புரியாது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரை வாத்தியார் என்றார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

சங்ககிரிப் பக்கத்து ஆள். சென்னைக்குப் போய்ப் பாறைகளைப் பற்றிய படிப்புப் படித்தவர். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. சேலத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் கல் கிடக்கும். கல்யாணமான புதிதில் துவைக்கிற கல்லில் சட்டையை அடித்தால் பையிலிருந்து இன்னொரு கல் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளைக்கல் வெட்டுகிற கரட்டுக் குன்றுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது எல்லாருமே மாவுமில்லில் வேலை பார்த்தவர்கள் மாதிரி வெளுத்துப்போய் வருவார்கள்.

தள்ளுவது எது?

அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த விஷயம் இதுதான். ஜெர்மனிக்காரர் ஒருவர், உலகத்திலுள்ள நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக ஒட்டிக்கிடந்தது, பிறகு துண்டு துண்டாகப் பிரிந்து நகர்ந்துபோனது என்று எழுதியிருந்தாராம். ஆப்பிரிக்காவின் ஓரமும் அமெரிக்காவின் ஓரமும் கிழித்த தோசை மாதிரி பொருந்துகிறது, படத்தைப் பாருங்கள் என்றாராம். பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். சரி, நகர்கிறது என்றே வைத்துக்கொள்வோம், இவ்வளவு பெரிய பாரத்தைத் தள்ளுவது எது என்று கேட்டார்கள்.

அதற்குத்தான் பதில் இல்லை. பூமி சுற்றுகிற வேகம் நிலத்தை நடுக்கோட்டுப் பக்கம் விசிறுகிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். நிலா இழுக்கிறது என்றார்கள். கணக்குப் போட்டவர்கள், இந்த விசையெல்லாம் ஒரு கண்டத்தை அசைக்கக் காணாது என்று தள்ளிவிட்டார்கள். பிறகு ஒரு இங்கிலீஷ்காரர், பூமிக்குள்ளே இருக்கிற சூட்டினால் அடிப்பாறையே மெள்ள மெள்ள, பாகு மாதிரி, மேலேறிக் கீழிறங்கிச் சுழல்கிறது, அதுதான் மேலே இருப்பதை இழுத்துப் போகிறது என்று எழுதினார். அதை ஏதோ ஒரு சஞ்சிகையில் படித்துவிட்டு, அது எப்படியிருக்கும் என்று மனசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எங்கள் கொப்பரையில் அது கண்ணெதிரே நடந்தது. பெண்ணாவது ஒன்றாவது!

இதைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவர் ஆவி என்னைச் சும்மா விடாது. வெகுகாலம் கழித்து, எங்கள் பிள்ளைகளெல்லாம் தலையெடுத்த பிறகு, நிலம் நகர்வது நிஜம் என்று உலகமே ஒப்புக்கொண்டது. அப்போது ஒரு நாள் கையில் புத்தகத்தோடு அடுக்களைக்கு வந்தார்.

"அம்முணி, கொப்பரை பாதிதான் சரி" என்றார்.

கடலுக்கடியில் பூமியின் மேலோடு பழசாகி, ஆறி, கனத்துப்போய், ஓரத்தில் உள்ளே அமிழ்கிறதாம். அமிழ்கிற முனை பின்னால் இருக்கிற மொத்தத்தையும் இழுக்கிறதாம். கீழிருந்து சூடு தள்ளுவதைவிட இந்த இழுப்புத்தான் பெரிசாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிணற்றுச் சுவரில் காயப்போட்ட சேலையில் ஒரு முனை தண்ணீரில் விழுந்து நனைந்தால், அந்தக் கனமே மீதிச் சேலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். நான் இரண்டு சேலையை அப்படிப் பறிகொடுத்தவள். சொன்னேன். அடுத்த நாள் வகுப்பில் அதையே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார், என் பேரைச் சொல்லாமல்.

சரி, கொட்டகைக்குத் திரும்புகிறேன்.

நடுக்கல்

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே பெரியப்பா தோட்டம். அப்பாவுக்குப் பங்காளி, ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் எல்லைக்கல் மூன்று. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவில் ஒன்று. மூன்றும் நேர்கோட்டில் நட்டவை. ஆனால் நடுக்கல் மட்டும் வருஷா வருஷம் எங்கள் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஏர் ஓட்டும்போது கலப்பை அந்தக் கல்லில் மட்டும் எப்படியோ பட்டுப் பட்டு நெம்பும்.

பெண் பார்த்ததற்கு முந்தின ஆவணியில் ஊர் மணியக்காரர் வந்து, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற வடக்கயிற்றை வடக்குக் கல்லிலிருந்து தெற்குக் கல்லுக்கு இழுத்துக் கட்டிப் பார்த்தார். நடுக்கல் கயிற்றைவிட்டு நல்ல ஒரு எட்டு தள்ளி எங்கள் சோளக்காட்டுக்குள் நின்றது. பெரியப்பா, அறுப்பு முடிந்ததும் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

அறுப்பு முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் கொட்டகைப் பேச்சு வேலியைத் தாண்டி அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் வரப்பு மேல் வந்து நின்றார். முகம் பூரித்திருந்தது.

"தம்பி! நான் கல்லைத் தொடவே இல்லடா. நெலந்தான் நகந்திருக்குது. நடுவுல இருக்கற மண்ணு நகந்து, கல்லும் அதுகூடப் போயிருச்சு. நானாச் சொல்லல. உன்ற ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த படிச்சவரே சொல்லியிருக்காரு!"

அப்பா கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

பெரியப்பா அதோடு விட்டாரா? மணியக்காரரிடம் போய்த் திரும்பவும் பஞ்சாயத்துக் கூட்டச் சொன்னார். பிறகு வேட்டி மாற்றிக்கொண்டு சேலத்துக்கே பஸ் ஏறி, பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்து, எங்கள் வாத்தியாரைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டு வந்தார். வரப்புத் தகராறுக்குப் பூகோள வாத்தியாரைச் சாட்சி கூப்பிட்ட ஆள் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே என் பெரியப்பா ஒருத்தராகத்தான் இருப்பார். வாத்தியாரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மாமா கொண்டுபோன சேதி

அப்பா அன்று சோறு தின்னவில்லை. எதிராளிக்குச் சாட்சி சொல்ல வருகிறவனுக்கா பெண் என்று குதித்தார். அம்மாவின் தம்பி செங்கோட மாமா இல்லாவிட்டால் அன்றைக்கே சம்பந்தம் முறிந்திருக்கும். மாமா சிரித்துச் சிரித்தே காரியம் முடிக்கிறவர். எங்கள் சொந்தத்தில் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள்.

"அந்தப் பையனுக்கு இங்கத்த சண்டை என்ன தெரியும்? நான் போயிப் பேசீட்டு வாரேன்" என்றார்.

அப்பா யோசித்தார். "போயிச் சொல்லு. பஞ்சாயத்துல வந்து, நெலம் நகராதுன்னு ஒரே வார்த்தை சொல்லோணும். சொன்னா அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். நகருதுன்னு சொன்னா, வந்த வழியே பஸ் ஏறச் சொல்லு."

இதெல்லாம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுவார் என்று ஒரு பக்கம் தைரியம். அந்த முகத்தோடு கொப்பரையைப் பார்த்த ஆள் எப்படிச் சொல்லுவார் என்று மறுபக்கம் பயம்.

மாமா போய்விட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"கேட்டுக்கிட்டாரு. சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. ஒரு கல்லை எடுத்து எங்கையில குடுத்து, இது எவ்வளவு வயசு இருக்கும்னு நெனைக்கறீங்கன்னு கேட்டாரு."

வரப்பில் கூடிய கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை நடுக்கல்லுக்குப் பக்கத்திலேயே பஞ்சாயத்துக் கூடிற்று. பனை நிழலில் மணியக்காரருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். வடக்கயிறு மறுபடியும் கல்லுக்குக் கல் இழுத்துக் கட்டியிருந்தது. ஊரில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள், பாதி நியாயம் கேட்க, பாதி நிலம் நகர்வதைப் பார்க்க. எனக்கு அங்கே வேலையில்லை. மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே போய்விட்டேன்.

வாத்தியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங் வாத்தியாரே, நெலம் நகருதுன்னு நீங்க சொன்னது நெசந்தானுங்களா?" என்று மணியக்காரர் கேட்டார்.

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கோட மாமா தலையை இல்லை இல்லை என்று ஆட்டி ஜாடை காட்டினார். வாத்தியார் அப்பாவை ஒரு முறை பார்த்தார். பெண்கள் நின்ற பக்கமும் ஒரு முறை பார்த்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

"நெசந்தானுங்க" என்றார்.

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் தலைக்கேறியது. எனக்காக ஒரு வார்த்தை, 'இல்லீங்க' என்று ஒரே வார்த்தை சொல்லக்கூடாதா? அந்தக் கோபத்துக்குள்ளேயே, சொல்லமாட்டார் என்று நான் நினைத்தது சரிதான் என்று ஒரு பெருமையும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள், இருந்தது.

மணியக்காரர் விடவில்லை. "இம்புட்டு நெலத்தைத் தள்ளறது எதுங்க?"

கேட்டிருக்கக்கூடாது. வாத்தியாருக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. பூமி சுற்றுவதைச் சொன்னார், நிலாவைச் சொன்னார், இரண்டும் ஏன் காணாது என்று சொன்னார், கொப்பரையைச் சொன்னார். குச்சியால் மண்ணில் வட்டம் போட்டுக் காட்டினார். அவரைச் சுற்றிக் கூட்டம் குனிந்து பார்த்தது.

"ஆகமொத்தம் எதுங்க?" என்றார் மணியக்காரர்.

"இன்னும் திட்டமாத் தெரியலீங்க" என்றார் வாத்தியார், தெரிந்தவர் மாதிரி சந்தோஷமாக.

கூட்டம் சிரித்தது. "எது தள்ளுனா நமக்கென்ன? நகருதுன்னு சொல்லீட்டாரில்ல? என்ற கல்லு அங்கயே இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

மணியக்காரரும் தலையாட்டத் தொடங்கிவிட்டார். கல்லும் போயிற்று, கல்யாணமும் போயிற்று. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது, பானையைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, நகந்தா நடுக்கல்லு மட்டும் நகருமுங்களா? வடக்கால கல்லும் தெக்கால கல்லும் சேந்து நகருமுங்களா?"

கல்யாணமாகாத பெண் ஆண்கள் கூடிய பஞ்சாயத்தில் வாயைத் திறந்தால் அந்தக் காலத்தில் என்ன ஆகும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா திரும்பினார். நான் கேட்டது அவரை அல்ல. கேட்கப்பட்டவர் கையில் குச்சியோடு என்னை நிமிர்ந்து பார்த்தார், அன்றைக்குக் கொப்பரையைப் பார்த்த அதே முகத்தோடு.

"எல்லாஞ் சேந்துதானுங்க!" என்றார். "ஒத்தைக் கல்லு தனியா எப்படிங்க போகும்? மூணு கல்லும், கெணறும், பனையும், நீங்களும் நானும், சங்ககிரி மலையும், சேலமும், அங்க வடக்கால இமயமலை வரைக்கும் ஒரே பாளமாப் போவுதுங்க. பாளத்து மேல வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்கும். இதச் சொல்லோணுமுன்னே எனக்குத் தோணலீங்களே!"

அவருக்கு அது சொல்லவே வேண்டாத சங்கதி. அதுதான் அவர்.

மணியக்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். "உங்க சாட்சி சொல்றதக் கேட்டீங்களா? அப்ப நடுக்கல்லு மட்டும் எப்படிங்க கயித்தைத் தாண்டுச்சு?"

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "சின்னக் கல்லுங்க. கொஞ்சம் வெரசாப் போயிருக்கும்" என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் பனையிலிருந்த கிளிகள் பறந்துவிட்டன. பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர்தான், மண் என்றால்தான் அப்படி. வெயில் ஏறுவதற்குள் அவரே கடப்பாரை போட்டுக் கல்லைப் பிடுங்கிக் கயிற்றுக்கு நேராக நட்டுவிட்டார்.

அப்பா கேட்டது

கூட்டம் கலைந்தது. வாத்தியார் ஒரு சொம்பு மோர் குடித்தார். பிடுங்கின குழிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பாவுக்கு முன்னால் போய், "போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டார். அப்பா வெறுமனே தலையை அசைத்தார். வாத்தியார் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை.

பானையை எடுக்கப் போன என்னை அப்பா நிறுத்தினார்.

"நீ கூட்டத்துல பேசுனதுக்கு ஊட்டுல வந்து பேசிக்கறேன். இப்ப இதச் சொல்லு. ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா உன்னைக் குடுத்திருப்பேன். அது அந்த ஆளுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. உனக்காக ஒரு பொய் சொல்லாதவன் உனக்கு எதுக்கு அம்முணி?"

அப்பா என்னை ஒன்று கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றது அதுவே முதல் தடவை. நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கும் கோவந்தானுங்கப்பா. ஆனா நாளைக்கு அவரு எங்கிட்ட எதைச் சொன்னாலும், நெசமான்னு நான் இன்னொருக்கா கேக்க வேண்டியதில்லீங்களே."

அப்பா புதிதாக நட்ட கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார். கிழக்கே பெரியப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மாட்டை ஓட்டிப் போவதைப் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தார். புளியமரங்களுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிற புழுதி தெரிந்தது.

"மச்சான்!" என்று கத்தினார். செங்கோட மாமா மோர்ச் சொம்போடு திடுக்கிட்டு எழுந்தார்.

"அந்தச் சைக்கிளை எடு, வெரசாப் போ! மாப்பிள்ளை பஸ் ஏறிடப் போறாரு!"